பிரஷர் அக்காவின் அறை

என் கணவரின் அக்காவுக்கு, என் அண்ணிக்கு, எங்கள் பகுதியில் சொந்தப் பெயர் செல்லாது. பிரஷர் அக்கா என்று கேட்டால் சின்னக் குழந்தைகூட வழி சொல்லும். கடைத்தெருக் கோடியில் உள்ள சுகாதார நிலையத்தில் அவர் நர்ஸ். பெரிய டாக்டர் பாதி நாள் கூட்டம், பயிற்சி என்று போய்விடுவார். பெண்களுக்கென்று ஒதுக்கிய கடைசி அறையில் எல்லாம் அண்ணிதான். அதற்கென்றே தனியாகப் படித்து, தேர்வு எழுதி வந்தவர். கருத்தடை, வெள்ளைப்படுதல், தள்ளிப்போன மாதவிலக்கு, புருஷனோடு படுத்தால் வலி, வெளியே சொல்ல முடியாத இடத்தில் புண் என்று எதுவாக இருந்தாலும் அந்த ஒரு கதவைத்தான் தட்ட வேண்டும்.

ஆனால் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எவளைக் கேட்டாலும், "சும்மா பிரஷர் பாக்க வந்தேன்" என்பாள். அந்தப் பேச்சை நம்பினால் எங்கள் பகுதியில் உள்ள இளம்பெண்கள் அத்தனை பேருக்கும் ரத்தக் கொதிப்பு என்றுதான் ஆகும். அண்ணியும் விடமாட்டார். வந்தவள் எதற்கு வந்திருந்தாலும் முதலில் பட்டையைக் கையில் சுற்றி பிரஷர் பார்த்துவிடுவார். வீட்டுக்குப் போய் அவள் சொல்லும் பேச்சு பொய்யாகக் கூடாதாம்.

வாய் ஒன்றும் தேனொழுகும் வாய் இல்லை. வெட்கப்பட்டு நெளிகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "உன் உடம்புதானே, பக்கத்து வீட்டுக்காரி உடம்பா? எங்க வலிக்குதுன்னு வாயத் திறந்து சொல்லு" என்று அதட்டுவார். அதட்டிய கையோடு திரையை இழுத்துவிட்டு, விளக்கைத் திருப்பி, கையுறை போட்டுக்கொண்டு, தான் செய்யப்போகும் ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித்தான் செய்வார். அந்த அறைக்குள் கேட்டதை வெளியே ஒரு வார்த்தை விட்டதாக யாரும் சொன்னதில்லை.

அண்ணிக்கும் கல்யாணம் ஆனதுதான். குழந்தை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மகாராஜனை ஒரு பரிசோதனைக்கும் யாரும் கூப்பிடவில்லை. அவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார், அங்கேயும் தொட்டில் ஆடவில்லை. அதற்கும் அந்த இரண்டாமவளைத்தான் கரித்துக் கொட்டுகிறார்களாம். அண்ணி அம்மா வீட்டோடு வந்துவிட்டார், அதாவது எங்கள் வீட்டுக்கு. மாமியார், நான், என் கணவர், என் மகள், அண்ணி என்று ஐந்து பேர், இரண்டரை அறை. அந்த அரை அறைதான் அண்ணியுடையது.

இனி என் கதை. மகளுக்குப் பிறகு தரித்தது, ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. ரத்தம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் என்னை ஏறக்குறைய வழியனுப்பி வைத்துவிட்டார்கள். கூடவே இருந்து, கத்தி ஆட்களைக் கூட்டி, என்னைத் திருப்பிக் கொண்டுவந்தவர் அண்ணி. நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததுமே மாமியார், "அடுத்தது நல்லபடியா வந்துடும் கண்ணு" என்று தலையைத் தடவ ஆரம்பித்தார். அன்பாகத்தான் சொன்னார், இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்கு அந்தக் கை பட்டாலே ஆஸ்பத்திரிக் கட்டில்தான் ஞாபகம் வரும். என் கணவர் தங்கமான மனிதர், ஆனால் அம்மா எதிரில் தலையாட்டத்தான் தெரியும். அவரிடம் சொன்னால் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குள் அம்மா காதுக்குப் போய்விடும்.

ஒருநாள் நானும் பிரஷர் பார்க்கப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. "வேற எங்கயாவது போயேன். நான் உன் வீட்டு ஆளு. நாளைக்கு ரெண்டு பேருக்கும் கஷ்டம்" என்றார்.

"எங்க போவேன் அண்ணி? பக்கத்து ஊருக்குப் போனா எதுக்குப் போனேன்னு அத்தை கேப்பாங்க. அங்க புருஷனக் கூட்டிட்டு வான்னு வேற சொல்றாங்களாம்."

பட்டையை எடுத்து என் கையில் சுற்றி பிரஷர் பார்த்தார். பிறகு மாத்திரை, ஊசி, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி என்று ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து விளக்கினார். மாத்திரையை ஒளித்து வைக்க எங்கள் வீட்டில் இடமில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். காப்பர் டி போட்டுக்கொண்டேன். நான் கிளம்பும்போது, "இந்தக் கதவத் தாண்டினா எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொன்னா உண்டு, என் வாயில வராது" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பொறியில் அகப்பட்டோம். மாமியாருக்கு வேறு யாரிடம் கேட்கத் தோன்றும்? "நர்ஸை வீட்டுல வச்சிக்கிட்டு நான் ஊர்ல கேக்கணுமா? இவளுக்கு ஏன்டி இன்னும் நிக்கல?" என்று தன் பெண்ணைக் குடைந்தெடுப்பார். "அவ உடம்பு, அவளத்தான் கேக்கணும்" என்பார் அண்ணி. "அவளுக்கு என்ன தெரியும், பச்சப் புள்ள" என்பார் மாமியார். பச்சைப் பிள்ளை நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்து மாத்திரை கொடு என்றார், அண்ணி கொடுத்தார். நானும் விழுங்கினேன். சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வரும் என்று அண்ணி எல்லோரும் எழுந்த பிறகு தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

ஒரு காலையில் மாமியார், "கிளம்புங்க, டாக்டரம்மாவப் பாக்கணும்" என்றார். குழந்தைப்பேறு டாக்டரிடம் யாருக்கும் சொல்லாமல் நேரம் வாங்கியிருக்கிறார். கூட வருவதற்கு அண்ணியையும் லீவு போட வைத்துவிட்டார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று நானும் கிளம்பினேன். வண்டியில் மாமியார் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

ஸ்கேன் அறையில் அந்த டாக்டரம்மா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு எல்லோர் எதிரிலும் போட்டு உடைத்தார். "காப்பர் டி இருக்கே! இத வச்சிக்கிட்டு கொழந்தை வேணும்னு வந்திருக்கீங்களே?"

மாமியார் என்னைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணியைத்தான் பார்த்தார்.

"நீயாடி?"

அண்ணி வாயைத் திறக்கவில்லை. ஆம் என்றால் நான் மாட்டுவேன், இல்லை என்றால் பொய். இரண்டுமே அவரால் முடியாத காரியம்.

"அவ சுயநினைவில்லாம கெடந்தப்போ வச்சிட்ட. அப்படித்தானே? உனக்கு இல்லாதது அவளுக்கு இருக்கக் கூடாதுன்னு! பாவி, நீ என் வயித்துலதான் பொறந்தியா?"

பச்சைப் பிள்ளையான நான் இப்படி ஒரு காரியம் செய்வேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பொறாமை என்றால் உடனே புரிந்தது. அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் மட்டும் நிறைந்திருந்தது. நான் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன், நான்தான் கேட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மாமியார் வீட்டுக்கு வரவில்லை, நேராகச் சுகாதார நிலையத்துக்குப் போய் வாசலில் நின்று கத்தினார், பெரிய டாக்டரிடம் புகாரும் கொடுத்தார். கேட்காமலேயே உள்ளே வைத்துவிடுகிறாளாம் என்று தெரு முழுக்கப் பரவியது. கேட்டவர்கள் எல்லோரும் அந்தக் கட்டிலில் ஒருநாள் படுத்தவர்கள். பெஞ்ச் காலியானது. விசாரணை முடியும்வரை அறையைப் பூட்டுகிறேன், மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்காருங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். குற்றம் உறுதியானால் வேலையே போய்விடும். அண்ணி அவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அறையைப் பூட்டிய மறுநாள் காலை எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது போய் நின்றேன். "அத்தை, அண்ணி மேல தப்பில்ல. நானேதான் போய்க் கேட்டுப் போட்டுக்கிட்டேன்."

மாமியார் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினார். "பாத்தியாடி? நீ இவளுக்குப் பண்ணினதுக்கு, இவ உன்னக் காப்பாத்தப் பாக்குறா. என்ன மனசு இவளுக்கு!"

அடக் கடவுளே என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் புண்ணியவதி ஆக்கிவிட்டார்கள். "இல்ல அத்தை, நெஜமாத்தான்" என்றேன். "சரிடா கண்ணு, சரி" என்றார். கணவரைப் பார்த்தேன். அவரும் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்.

மாமியார் அண்ணியிடம் திரும்பினார். "இப்பவே கூட்டிட்டுப் போய் எடுத்துடு. சாவிய நான் டாக்டர்கிட்ட கேட்டு வாங்கித் தர்றேன். புகாரையும் வாபஸ் வாங்கிக்கிறேன். இதோட விட்டுடலாம்."

"எடுத்துடுக்கா. பிரச்சினை முடிஞ்சிடும்" என்றார் என் கணவர்.

"உனக்கா எடுக்கப்போறேன்? சும்மா இருடா" என்றார் அண்ணி. பல நாள் கழித்து அன்றுதான் அந்தக் குரல் வீட்டில் கேட்டது. என் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார். "நீ சொல்லு. உனக்கு எடுக்கணுமா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். சரி என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. என் பேரும் கெடாது, மாமியார் கையும் என் தலையிலேயே இருக்கும். அடுத்த வருடம் அதே ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கிடப்பேன்.

"வேணாம் அண்ணி. இருக்கட்டும்."

மாமியாரின் கை நின்றது. "எதுக்கு வேணாம்ங்கிற?"

"எனக்கு இன்னொண்ணு வேணாம் அத்தை. பயமா இருக்கு. அதுக்காகத்தான் போனேன்."

அப்போதுதான் நம்பினார். கையை எடுத்துக்கொண்டார். கணவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்றே அண்ணியோடு போய், பெரிய டாக்டரிடம் அதையே சொன்னேன். கதவு திறந்திருந்தது, வெளியில் இருந்தவர்களும் கேட்டார்கள். கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அறையின் சாவி திரும்பி வந்தது. பெஞ்சில் மெதுவாக ஆள் சேர்ந்தது.

வீட்டில் மாமியார் எங்கள் இருவரோடும் பேசுவதில்லை. கணவர், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று கேட்பார், நான் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் எழுந்து போய்விடுவார். போக எங்கள் இருவருக்கும் வேறு இடமும் இல்லை.

சில வாரம் கழித்து அடுப்படியில் அண்ணியிடம் கேட்டேன். "அன்னிக்கு நான் எடுத்துடுங்கன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"எடுத்திருப்பேன்."

"அதுக்கப்புறம் நான் சொன்னத யார் நம்பியிருப்பா? அத்தை புகார வாபஸ் வாங்கினாலும் தெருவே உங்களத்தானே பேசியிருக்கும். உங்க அறை போயிருக்குமே அண்ணி."

"போயிருக்கும்" என்றார். "நகரு, கஞ்சி பொங்குது."