முனியாண்டி அணிந்திருக்கும் பதக்கம்

மலேசியாவில் தஞ்சோங் காராங் போகும் வழியில், தோட்டத்து முனியாண்டி கோயிலில் நிற்கிறேன். சாமியின் நெஞ்சில் ராணுவ வீரப்பதக்கம் தொங்குகிறது. பெற்றவரைத் தவிர வேறெவரும் அணியக்கூடாது என்பது விதி. முனியாண்டிக்குச் சுற்றறிக்கை வரவில்லை போலும்.

பதக்கம் பெற்ற முன்னாள் சிப்பாய் பெருமாள் பக்கத்தில் நிற்கிறார். காட்டுச் சண்டையில், குண்டடிபட்ட இருவரைத் தோளில் சுமந்து மீட்டவர்.

"மூணாவது ஆள அங்கேயே விட்டுட்டேன் சார். இத எப்படி நான் போட்டுக்கிறது?"

நாளை வீரர் தின அணிவகுப்பு. அணியலாமா என்று சாமியிடம் பூக்கட்டிக் கேட்கிறார். வெள்ளைப்பூ வந்தால் சம்மதம். பூசாரி பொட்டலத்தைப் பிரிக்கிறார். வெள்ளை.

"சாமியே சொல்லிட்டாரு லா, எடுத்துக்குங்க."

பெருமாள் கை நீட்டவில்லை.

"இன்னொரு தடவ கேளுங்க பூசாரி."

சாதகமான உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்தவரை என் நீதிமன்றப் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.