கரி யாருக்கு முதலில்

ரப்பர் தொழிற்சாலையில், உருளைகளுக்கிடையே ரப்பரோடு கரித்தூளை அரைத்துக் கலக்கும் இரண்டாம் மில்லில் பதினெட்டு வருடமாக நிற்பவரை எல்லோரும் கரியார் என்றுதான் கூப்பிடுவார்கள். குளித்துவிட்டு வந்தாலும் காது மடிப்பில் கொஞ்சம் கரி மிச்சமிருக்கும். அவர் கலக்கும் ரப்பரை இழுத்துப் பார்த்து எண் எழுதுகிற சோதனைக்கூடத்து அம்மாள், அவருடைய அண்ணன் மனைவி. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருக்கிறார்கள். "காபில சர்க்கரை குறைஞ்சாலும் அண்ணி ரிஜெக்ட் பண்ணிடுவாங்களா?" என்று மற்றவர்கள் சீண்டுவார்கள்.

அந்த வாரம் யாரும் சீண்டவில்லை. வந்திருந்த வேலை, பேருந்து ஜன்னல் கண்ணாடியைச் சுற்றிப் பதிக்கும் ரப்பர் பட்டை. பாதி மர ரப்பர், பாதி வெயில் ரப்பர். முன்னது மரத்துப் பாலில் வருவது. நன்றாக இழுபடும், ஆனால் வெயிலில் வெடித்துவிடும். பின்னது ஆலையில் செய்வது. வெயிலுக்கு அஞ்சாது, ஆனால் எதனோடும் லேசில் சேராது. மூன்று முறை கலந்தும் பத்து வர வேண்டிய பலம் ஏழுக்கு மேல் ஏறவில்லை. நாலாவதும் போனால் கரியாரை பேக்கிங்குக்கு மாற்றப்போவதாக மேலாளர் நேராகவே சொல்லிவிட்டார். சம்பளம் குறையாதுதான். ஆனால் கை சரியில்லை என்று பெயராகிவிடுமே. சாப்பாட்டு வேளையில் அண்ணியின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"ரெண்டையும் நல்லா சேர்த்துட்டுத்தான் கரி போட்டேன் அண்ணி. பாரபட்சமே இல்ல. தகட்டப் பாருங்க, ஒரு கோடு தெரியுதா?"

"எல்லாம் ஒரே கறுப்பு, அதுல என்னத்த தம்பி தெரியும்? என் மெஷினுக்குக் கண்ணு கிடையாது. இழுத்தா அறுந்துடுது."

"வீட்டுக் கோவத்த ரிப்போர்ட்ல காட்டாதீங்க."

"வீட்டுக் கோவமா இருந்தா சைபர் போட்டிருப்பேன். கரி உள்ள இறங்க எவ்வளவு நேரமாச்சு?"

"ஆறு நிமிஷம். எப்பவும் போல."

"எப்பவுமேவா?"

கரியார் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். மர ரப்பர் மட்டும் என்றால் ஆறு நிமிடம். வெயில் ரப்பர் மட்டும் என்றால் கால் மணி நேரம். கரி உருளைக்கு அடியில் தட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும், வாரி வாரிப் போட்டு முதுகு கழன்றுவிடும். பாதிப் பாதி என்றால் நடுவிலாவது வந்திருக்க வேண்டாமா? ஆறே நிமிடத்தில் முடிந்ததென்றால், கரியை எல்லாம் மர ரப்பர் ஒருவனே விழுங்கியிருக்கிறான். மற்றவன் வெறும் வயிறு. பலமே கரியில்தான். பொதுவில் வைத்துவிட்டால் நியாயம் ஆகிவிடும் என்று இத்தனை நாள் நம்பியது தப்பு. அவருடைய கைக்கு இது தெரியும். யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"சார், வெயில் ரப்பருக்கு மட்டும் முதல்ல கரி முழுசையும் குடுத்துடறேன்," என்றார் மேலாளரிடம். "அது தின்னு முடிச்சப்புறம் மர ரப்பர். அவன் வந்து தன் பங்கைத் தானே பிடுங்கிக்குவான்."

"கலவை ஷீட்ல வரிசை அப்படி இல்லையே?"

"ஷீட்ல உள்ளபடி மூணு தடவை கெட்டாச்சு சார்."

மேலாளர் ஷீட்டை மேஜையில் வைத்தார். "ஒரே ஒரு தடவை," என்றார்.

பதினாறு நிமிடம் ஆயிற்று. தட்டில் கொட்டியதை ஒரு பொட்டு விடாமல் வாரிப் போட்டார். பிறகு மர ரப்பர், கடைசியில், வேகும்போது ரப்பரை இறுக்குகிற கந்தகம். வேக வைத்த தகட்டை மறுநாள் காலையில்தான் இழுக்க முடியும். கரியார் சோதனைக்கூட வாசலிலேயே நின்றார்.

"உள்ள வா. பிரசவ வார்டா இது?"

ஐந்து துண்டுகள். முதல் துண்டு நீண்டது, இன்னும் நீண்டது, பட்டென்று அறுந்தது. அண்ணி எண்ணை எழுதிவிட்டு அடுத்ததை மாட்டினாள். ஐந்தாவதும் அறுந்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பத்துக்குக் கீழ ஒண்ணுகூட இல்ல. ரெண்டு துண்டு பதினொண்ணு."

கரியார் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு ரப்பரும் ஒன்றாகிவிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னமும் தனித்தனியாகத்தான் தெரியும். ஆனால் பட்டினி கிடப்பவன் இப்போது யாருமில்லை.

"பதினாறு நிமிஷம் முதுகு ஒடிஞ்சது அண்ணி. அதையும் ரிப்போர்ட்ல எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்ல தம்பி."

மேலாளர் ஷீட்டில், இரண்டு ரப்பரும் சேர்ந்தபின் கரி என்றிருந்த மூன்றாவது வரியை அடித்துவிட்டு, புது வரிசையை எழுதச் சொல்லிப் பேனாவை நீட்டினார். கரியார் எழுதினார். தாளில் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது. அதைத் துடைக்கப் போய் இன்னும் ஈஷிவிட்டு, சிரித்தபடியே இரண்டாம் மில்லுக்கு நடந்தார்.