அஞ்சலை அக்காவுக்காகப் பாடியது

நேற்று லிஃப்டில் யாரோ கருவாட்டையும் கற்பூரத்தையும் ஒரே பையில் கொண்டுவந்திருந்தார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள, நான் மட்டும் மூன்றாவது மாடியில் இறங்க மறந்து, பிற்பாடு கடல் விழுங்கிவிட்ட எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்து அம்மன் கோயிலில் போய் நின்றேன். போன படகு திரும்பாவிட்டால், பெண்கள் அங்கே வந்து அம்மன்மேல் மண்ணை வாரி வீசித் திட்டுவதுதான் வழக்கம்.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் புருஷன் மூன்று நாளாக வராதபோது, "இன்னாடி, கண்ணு அவிஞ்சு பூட்ச்சா உனுக்கு?" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன அக்கா, பள்ளியில் பக்திப் பாட்டுக்குப் பரிசு வாங்கியிருந்த என்னைக் கூப்பிட்டாள்.

"எனுக்குத் திட்டத்தான் தெரியும். நீ பாடு நைனா, உன் பாட்டையாவது கேக்கறாளா பாப்போம்."

கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். யார் யார் தலையாட்டுகிறார்கள் என்று பார்க்க ஒரு கீற்று மட்டும் திறந்து வைத்திருந்தேன், யாரும் கேட்காமலே கடைசி வரியை இரண்டு முறை இழுத்தேன். பாட்டு முடிகிறவரை கடலுக்குப் போன அந்த மனிதர் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

அவர் திரும்பி வரவும் இல்லை. காரியத்தன்று கண்ணில் படாமல் நழுவப் பார்த்த என்னை அக்காவே பிடித்து நிறுத்தி, கன்னத்தைத் தடவி, "நீ இன்னா பண்ணுவ நைனா, நல்லாத்தான் பாடின" என்றாள்.