நாற்கையரின் கீழ்க்கைகள்

கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அதனால் எங்கள் வீட்டுத் தறியில் என் கணவர் நடுவில் உட்கார்ந்து நெய்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூலைக் குறுக்கே ஓட்டும் கரை நாடாவைத் தள்ளுவேன். ஒருநாள் பால் பொங்குகிறதென்று நான் எழுந்து ஓட, தறி நின்றது.

"பேஜாராப் போச்சு. எனக்கே நாலு கை இருந்தா உன்ன எதுக்குக் கூப்புடப் போறேன்?" என்றார்.

அன்றைக்கு என் தலைக்குள் வந்து உட்கார்ந்தவர்கள்தான் நாற்கையர்கள்.

நான் பத்தாவதோடு நின்றவள். நான்கு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டேன். கடையில் தப்பான நிறத்தில் நூல் கொடுத்தால்கூட "சரிங்க" என்று வாங்கி வந்துவிடுவேன். எழுதுவதில் அந்தச் சங்கடம் இல்லை. யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

அவர்களை வைத்து நான் எழுதிய கதை பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நடப்பது. நாற்கையரின் முன்னோர் நம்மைப் போன்ற மனிதர்கள். ஒரு தறிக்கு ஒரே ஆள் போதும் என்று நினைத்த முதலாளிகள், கருவிலேயே மாற்றம் செய்து, விலாவில் இன்னொரு ஜோடிக் கை முளைக்க வைத்தார்கள். தலைமுறைகள் போகப் போக அது தனி இனமாகிவிட்டது. முதலில் நான்கு கைகளையும் ஒரே நீளமாக எழுதியிருந்தேன். "கீழ்க்கை முட்டி, சேலை சுத்துற மரத்துல இடிக்காதா?" என்று கணவர் கேட்டார். உடனே குட்டையாக்கினேன்.

"ஜாக்கெட்டுக்கு நாலு கை தெக்கணுமே, டைலரு ஒத்துக்குவானா?"

"அந்த ஊரு டைலருக்கும் நாலு கைங்க."

முடிவில் ஒரு நாற்கைப் பெண் தறியில் உட்கார்ந்து, கீழ்க்கைகளை மடியில் வைத்துக்கொள்கிறாள். யார் அதட்டியும் எடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் கரை நாடாவைக் கொடுக்கிறாள். அவ்வளவுதான் கதை.

எங்கள் நூலக வாசகர் வட்டம் ஆண்டு மலர் போடுகிறது. அதை நடத்துபவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். கதையைக் கொடுத்த மறுவாரம் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லாத்தான் இருக்குதும்மா. ஆனா ரெண்டு கை சும்மா கெடக்குதே! நாலு கையால ரெண்டு சேலை நெய்யறான்னு முடிச்சுக் குடு. மலர்ல போட்டுடறேன்."

என் பெயர் அச்சில் வர வேண்டும் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! "சரிங்க" நாக்கு நுனிவரை வந்தது. கீழ்க்கைகளை மடியில் வைத்திருந்தவள் ஞாபகத்துக்கு வந்தாள்.

"மாத்த மாட்டேங்க சார்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஞாயித்துக்கெழமை கூட்டத்துல நீயே படி. அவங்க சரின்னா போடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். பாதிப் பேர் தறிக்காரர்கள். முதல் பக்கம் எப்படிப் போனதென்றே தெரியாது. முட்டி இடிக்கும் இடத்தில் யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு என் குரல் நிதானத்துக்கு வந்தது. முடிவுவரை படித்தேன்.

ஒரு பட்டு வியாபாரி எழுந்தார். "நாலு கைய வச்சிகினு ஆளத் தேடறதா? அந்தக் கைய எதுக்கும்மா செஞ்சாங்க?"

"செஞ்சவங்க எதுக்கோ செஞ்சாங்க" என்றேன். "இப்ப அது அவ கைங்க. தூக்கறதா வக்கறதான்னு அவதான் சொல்லணும்."

எங்கள் தெருக்காரி ஒருத்தி பின்வரிசையில் இருந்து எழுந்து தலைமை ஆசிரியரைப் பார்த்தாள். "சார், ரிட்டையர் ஆனதுலேர்ந்து உங்க ரெண்டு கையும் சும்மாதான் இருக்குது. நாங்க எதுனா கேட்டமா?"

அறையே குலுங்கியது. தலைமை ஆசிரியர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு எழுந்து, என் கையிலிருந்த தாள்களை வாங்கி, முதல் பக்கத்தின் மேல் சிவப்புப் பேனாவால் "அப்படியே போடவும்" என்று எழுதினார்.

"கடைசிப் பத்தி எனக்குச் சரியாக் கேக்கல, இன்னொரு வாட்டி படிங்கம்மா" என்றார் வாசலோரம் நின்றிருந்த ஒருவர்.

தாளைத் திருப்பி வாங்கவில்லை. அந்தப் பத்தி எனக்கு மனப்பாடம். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.