கனடாக்காரர் பாக்கி வைத்த சண்டை

“துபாய் அண்ணே, அவரு நம்மள வுட்டுட்டுப் பூட்டாருண்ணே” என்று ஆரோக்கியசாமியின் மனைவி பிலோமினா போனில் சொன்னபோது, நான் ஒரகடத்தில் காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தேன். படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். துபாயை நான் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை. எனக்கு அந்தப் பெயர் நிலைக்கக் காரணமான ஆரோக்கியசாமியும் கனடாவைக் கண்டவர் இல்லை. பிள்ளைப்பாக்கத்தில் பிறந்து அங்கேயே அடக்கமாகிவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரை அந்தக் காலத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பலகைத் தடுப்புக்குள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். வார லீவு நாளில் நான் அங்கேதான் கிடப்பேன். சாட் ரூமில் நுழைந்ததும் முதல் கேள்வி எந்த ஊர் என்பதுதான். தூத்துக்குடியிலிருந்து வந்து கம்பெனி லைனில் ஸ்க்ரூ முடுக்குகிறேன் என்று சொன்னால் எவன் மதிப்பான்? துபாய் என்றேன். என்னிடம் சண்டைக்கு வந்தவர் கனடா என்றார்.

சண்டை மீன் குழம்பைப் பற்றி. தேங்காய் அரைத்து ஊற்றாதது குழம்பே இல்லை என்று அடித்தேன். “தேங்கா ஊத்துனா அது பாயசம்பா” என்று பதில் வந்தது. வாரா வாரம் இதே வழக்கு. நடுவில் கிரிக்கெட் வரும், கடவுள் உண்டா இல்லையா என்பது வரும், சுற்றிச் சுற்றி மீன் குழம்பிலேயே வந்து நிற்போம். அந்த ரூமில் மற்றவர்கள் கெட்ட வார்த்தையைக் கொட்டிவிட்டுக் காணாமல் போவார்கள். இவர் மட்டும் சொல்லிவிட்டுத்தான் போவார்: “சண்ட பாக்கி கீது. அடுத்த வாரம் வா.” பாய் போட இடமில்லாத அறையில் அத்தனை பேரோடு படுத்தும் தனியாக இருந்தவன் நான். முகம் தெரியாத ஒருவர் எனக்காகக் காத்திருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு என் காண்ட்ராக்ட் முடிந்தது. வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. ஊருக்குப் போனால் அப்பாவோடு உப்பளம்தான், திரும்பி வருவது நடக்காது. பையோடு சென்டருக்குப் போய், “வேலை போயிட்டு. ஊருக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்” என்று அடித்தேன். “சண்ட முடியல, எங்க போற?” என்றார். “நான் தோத்தேன்னே வச்சிக்கிடுங்க” என்று அடித்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

பட்டப்பகலிலும் ஜன்னலை அடைத்து வைத்திருந்த அறை. கும்மிருட்டில் பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு குரல்: “சே! ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள கரண்ட்ட புடுங்கிட்டானே! துபாய்க்காரன் பூட்டான்!”

எழுந்து எட்டிப் பார்த்தேன். “கனடாவா?” என்றேன்.

சென்டர்காரர் டார்ச்சோடு வந்தார். அந்த வெளிச்சத்தில் கம்பெனி யூனிபார்ம் போட்ட ஒருவர் என் முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். “இன்னாபா துபாய், ஒட்டகம் கீழ நிக்குதா?” என்றார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சென்டர்காரர் மிரண்டுவிட்டார். பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார் ஆரோக்கியசாமி. “வூட்டுக்கு வா. எங்க காண்ட்ராக்டர் ஆள் தேடிகினு கீறாரு. நீ பூட்டா நான் யாராண்ட சண்ட போடறது?”

மறுநாள் காலை அவரோடு அவர் கம்பெனி கேட்டில் நின்றேன். பிறகு பெர்மனென்ட் ஆனேன், கல்யாணம் செய்தேன், பிள்ளைப்பாக்கத்திலேயே வீடு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் தேங்காய் இல்லாத குழம்பைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். திட்டத் திட்ட அவருக்குச் சந்தோஷம்.

அவர் போன முப்பதாம் நாள் சர்ச்சில் பூசை முடிந்த அடுத்த ஞாயிறு, பிலோமினா கூப்பிட்டுச் சோறு போட்டார். குழம்பில் தேங்காய். நிமிர்ந்து பார்த்தேன்.

“நீங்க வராத நாள்ல இப்டித்தான் கேட்டு வாங்கி சாப்புடுவாருண்ணே. உங்களாண்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுவாரு. சொன்னா சண்ட முடிஞ்சிடும், துபாய் ஊரப் பாத்துப் பூடுவான்னுவாரு.”

சோற்றில் கை வைத்தபடி அழுதேன். பிறகு இன்னொரு கரண்டி கேட்டு வாங்கி, “இதுல தேங்கா பத்தாது, தங்கச்சி” என்றேன்.

பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்கூர்ல இதுக்கு மேல ஊத்தமாட்டோம். அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பேசிக்கங்க.”

ஆரோக்கியசாமி எனக்கென்று வைத்துவிட்டுப் போனது இந்தச் சண்டையைத்தான். அடுத்த ஞாயிறும் போவேன்.