அறுபது ரூபாய்க் கலப்பரிசி

போன வாரம் மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒருவேளைச் சோறுதானே, நாமே பொங்கிவிடலாம் என்று அடுப்படிக்குள் நுழைந்தேன். ஒரு டப்பாவின் அடியில் கொஞ்சம் பொன்னி கிடந்தது, இன்னொன்றில் கேரளத்துச் சிவப்பரிசி. இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் குக்கரில் வைத்தேன். திறந்து பார்த்தால் பாதி கூழாகிவிட்டது, மீதி பல்லில் கடிபடுகிறது. சிரித்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த ஆவி முகத்தில் அடித்ததும் பாக்கியத்தக்காவின் நினைவு வந்து, குக்கரைத் திரும்ப மூடிவிட்டேன்.

இலஞ்சிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் கோயில். கோயில் என்றால் வேதக்கோயில், கிறிஸ்தவ ஆலயம். நாற்பது குடும்பம் இருந்தால் அதிகம். ஆராதனை நடத்துவதும் வரவு செலவு பார்ப்பதும் உபதேசியார்தான். அவர் வயதாகி ஓய்வுபெற்று, மகனோடு திருநெல்வேலிக்குப் போய்விட்டார். அந்தச் சமயம் பார்த்து எங்களைத் தென்காசியிலுள்ள பெரிய சபையோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு வந்தது. வருமானம் குறைந்தால் மாதத்துக்கு ஒரு ஆராதனைதான் என்றார்கள். நான் தென்காசியில் ஓர் உரக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். புது ஏற்பாடு வரும்வரை நீ பார்த்துக்கொள் என்று பொருளாளர் வேலையை என் தலையில் கட்டினார்கள். தலையில் கட்டினார்கள் என்று இப்போது சொல்கிறேன். அன்று பூரித்துப்போய்த்தான் வாங்கிக்கொண்டேன்.

உபதேசியார் விட்டுப்போன நோட்டில் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. புரட்டினால் வாராவாரம் ஒரே வரி: அரிசி ஏலம், ரூபாய் அறுபது. வருஷக்கணக்காக அதே அறுபது. எங்கள் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து கோயில் டிரம்மில் கொட்டுவார்கள். பொன்னி, ரேஷன் அரிசி, இட்லி அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். இருபது கிலோவுக்குக் குறையாது. அது எப்படி அறுபது ரூபாய்க்குப் போகும்? உபதேசியாருக்குக் கை கொஞ்சம் நீளம், வேண்டுமென்றே விலையை அமுக்கிவிட்டுப் பின்னால் பங்கு வாங்கியிருப்பார் என்று முடிவுகட்டினேன். இரண்டு மூன்று பேரிடம் சொல்லவும் செய்தேன். யாரும் பதில் பேசவில்லை. ஒத்துக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏலம் எடுப்பது எப்போதும் பாக்கியத்தக்காதான். சாரல் காலத்தில் ஐந்தருவியில் மாங்காய்க் கீற்றும் நெல்லிக்காயும் விற்பாள். சீசன் முடிந்தால் வேலை கிடையாது. கணவர் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தார். இரண்டு பிள்ளைகள். அவள் "அறுபது" என்பாள். உபதேசியார் மூன்று தரம் சொல்லி முடித்துவிடுவார். வேறு யாரும் வாய் திறந்ததில்லை. வருஷக்கணக்காக அதே கூடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவன்தான் நான்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்காசியில் மாவுக்கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சியை ஏலத்துக்கு அழைத்துப் போனேன். அவர் மேல் தப்பில்லை, நல்ல மனிதர்.

"அறுவது" என்றாள் பாக்கியத்தக்கா, பையை விரித்துக்கொண்டே.

"நூறு" என்றார் அண்ணாச்சி.

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நூத்தி அஞ்சு."

"நூத்தம்பது."

முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணினாள். கோயிலே பார்த்துக்கொண்டிருந்தது. "அவியளுக்கே குடுங்க" என்று சொல்லிவிட்டு, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். நான் உற்சாகமாக மூன்று தரம் கூவினேன். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வாசலில் என் சின்னம்மை கிருபை பிடித்துக்கொண்டாள். "ஏலே, நாங்க இத்தன பேரும் வாயத் தொறக்காம இருந்தோமே, ஊமையின்னு நெனச்சியா? அவ ஓசின்னா ஒரு மணி அரிசி வாங்க மாட்டா. அதுக்குத்தாம்லே இந்த ஏலமே!"

மறுநாள் கடையில் ஒரு சிப்பம் அரிசி வாங்கி, பைக்கில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"என்ன தம்பி இது?"

"அரிசிக்கா. சும்மா வச்சுக்கோங்க."

"நான் எப்பம் சும்மா வாங்குனேன்? எம் பிள்ளைக ரெண்டும் வெலைக்கு வாங்குனதத்தான் தின்னுருக்கு."

"சரிக்கா, அறுவது ரூவா குடுங்க."

"இன்னைக்கு வெல நூத்தம்பதுல்லா. ஒங்க நோட்டுல அப்படித்தான எழுதிருக்கு?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உள்ளே கணவர் இருமினார், அவள் போய்விட்டாள். சிப்பத்தைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. பெண்கள் அரிசி கொண்டுவருவதும் நின்றது. கேட்டால், "எங்க வீட்டுல எல்லாரும் இப்பம் சப்பாத்திதான்" என்றார்கள். மூன்றாவது வாரம் மாவுக்கடை அண்ணாச்சி டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கிறிஸ்துமஸுக்கு முன்பே பாக்கியத்தக்கா கணவரை ஒரு வேனில் படுக்கவைத்து, பிள்ளைகளோடு கொல்லம் பக்கம் முந்திரி ஆலை வேலைக்குப் போய்விட்டாள். அங்கே அவர் இறந்துபோன செய்தி ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குக் கிடைத்தது. குழிக்கு மண் போட எங்களில் ஒருவர்கூட இல்லை.

தணிக்கைக்கு வந்தவர் நோட்டில் அந்த ஒரு வாரத்து நூற்றைம்பதைப் பார்த்து, "முன்னாடியே நீங்க வந்திருக்கணும் தம்பி" என்று பாராட்டினார். ஆனாலும் எங்களைச் சேர்க்கத்தான் செய்தார்கள், மாதம் ஒரு ஆராதனைதான் மிஞ்சியது. உபதேசியாரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாள் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது டிரம் இல்லை, ஏலமும் இல்லை. பெரிய சபையில் ஏழைகள் நிதி என்று ஒன்று இருக்கிறது. உதவி வேண்டுவோர் படிவம் நிரப்பித் தர வேண்டும். ஆராதனையில் பெயரை வாசிப்பார்கள். போன வருஷம் எங்கள் பக்கமிருந்து ஒரு படிவம்கூட வரவில்லை. எங்கள் ஊரில் உதவி தேவைப்படும் குடும்பம் எதுவும் இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதை மைக்கில் வாசித்தவன் நான்.