உள்ளே ஒழுகிய சம்ப்

ஊரில் மற்றவர்கள் வீட்டு சம்ப், அதான் தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி, வெளியே ஒழுகும். எங்கள் வீட்டு சம்ப் உள்ளே ஒழுகியது. கம்பெனிப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்டப் பக்கத்து மனையில் மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். அதிலிருந்து ஐப்பசி மழை முழுக்க எங்கள் சுவரோரம் வந்து நிற்கிறது. நின்ற தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, சம்ப்புச் சுவர் விரிசல் வழியாக நல்ல தண்ணீரில் கலந்தது. குடத்தில் பிடித்தால் டீ மாதிரி இருந்தது.

வேறு வருஷமாக இருந்தால் கேன் தண்ணீர் வாங்கிச் சமாளித்திருப்பேன். இந்த முறை மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். சம்பந்தியம்மா போன் போட்டார். "சேத்துத் தண்ணில புள்ளத்தாச்சி எப்டி இருப்பா? ஞாயித்துக்கெழம வர்றேன். சரியாவலன்னா இட்டுனு பூடறேன்."

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினால் ஊர் என்ன பேசும்? ஊர் கிடக்கட்டும். என் பிள்ளை என் கண்ணெதிரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

சுங்குவார்சத்திரம் ஹார்டுவேர் கடையில் ஒரு டப்பா சிமெண்ட் கொடுத்தார்கள். தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே அடைத்துவிடுமாம். கலந்தால் சில நிமிஷத்தில் கல்லாகிவிடும், கை கொள்கிற அளவுதான் கலக்க வேண்டும், விரிசலை உளியால் உள்ளே வெட்டி அகலப்படுத்திவிட்டு அடைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். அதைக் கொத்தனாரிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"நான் பாக்காத சிமெண்டாக்கா?" என்று அரை டப்பாவைச் சட்டியில் கொட்டிக் கரணையால் குழைத்தார். எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்குக் கலவை போட்டதும் டீ குடித்தாக வேண்டும். "கலவ ஊறட்டும்க்கா, ஒரு டீ அட்சிட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார். நான் கத்தினது தெருமுனை வரை கேட்டிருக்கும், அவர் காதில் மட்டும் விழவில்லை. திரும்பி வந்தபோது கரணை சட்டிக்குள் நட்டுக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்தார், சட்டியும் கூடவே வந்தது. "டூப்ளிகேட் சரக்குக்கா" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் அப்படியே வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து இறங்கியவர் என் வீட்டுக்காரர். ஒரகடத்தில் லாரி கம்பெனி லைனில் வேலை. அங்கே ஒரு போல்ட்டைக்கூடச் சொன்னபடிதான் முடுக்குவார். வீட்டில் நான் சொல்கிறபடி ஒன்றும் செய்யமாட்டார். "நவுரு, நான் பாக்கறேன்" என்று உள்ளே இறங்கி, மிச்ச சிமெண்டைத் தோசை மாவாகக் கரைத்து, விரிசல் மேல் விபூதி போலப் பூசிவிட்டு ஏறினார். காலையில் அது அப்பளமாகக் கழன்று அடியில் கிடந்தது.

"உளியால வெட்டச் சொன்னேனா இல்லியா?"

"வெட்டுனா செவுரு பூடும்டி!"

"இப்ப மட்டும் செவுரு இன்னா வாழுதா?"

காலை காப்பியில் ஆரம்பித்த சண்டை ராத்திரி சாப்பாடு வரை ஓடியது. மகள் கதவைச் சாத்திக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

ஞாயிறு காலையில் புது டப்பா வாங்கி வந்து, ஒருவழியாக விரிசலை வெட்டினார். நான் மேலே உட்கார்ந்து ஒவ்வொரு கையளவாகப் பிசைந்து, கொழுக்கட்டை மாதிரி உருட்டிக் கீழே கொடுத்தேன்.

"அமுக்குங்க! கைய எடுக்காதீங்க!"

"கையுறை போட்டும் சுடுதுடி!"

"சுட்டாதான் புடிக்குதுன்னு அர்த்தம்! கைய எடுத்தீங்க, இன்னா பண்ணுவேன்னு எனக்கே தெரியாது!"

சம்ப்புக்குள் எங்கள் சத்தம் எதிரொலித்துத் தெருவையே கூட்டியது. ஆனால் ஒழுகல் நின்றது. கழுவிவிட்டுப் பஞ்சாயத்துக் குழாயிலிருந்து புதுத் தண்ணீர் விட்டோம். அடிவரை பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மதியம் சம்பந்தியம்மா காரில் வந்து இறங்கினார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடித்தார். "தண்ணி நல்லாத்தான் கீது" என்றார். அப்பாடா என்று நான் திரும்பினால், மகள் பையோடு நிற்கிறாள்.

"தண்ணிதான் சரியாயிட்ச்சே!" என்றேன்.

"தண்ணியச் சாக்கா சொல்லி அத்தைய வரச் சொன்னதே நாந்தாம்மா. வந்ததுலேர்ந்து நீயும் அப்பாவும் கத்திக்கினே கீறீங்க. என்னால தூங்கவே முடில. வயித்துல கீற புள்ளயும் திடுக்கு திடுக்குங்குது."

"உங்கப்பாதான்..." என்று ஆரம்பித்தேன். "உங்கம்மாதான்..." என்று அவரும் ஆரம்பித்தார். மகள் எங்கள் இருவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

கார் போனதும் வீட்டுக்காரர் சம்ப் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஒழுகல, பாரு" என்றார், மெதுவாக. அத்தனை நாளில் அவர் மெதுவாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். நானும் குனிந்து பார்த்து, "ஆமாங்க" என்றேன், மெதுவாகத்தான்.